நியூ ஜெர்சியில் வீட்டை விற்கும் முன் எண்ணெய்த் தொட்டியைச் சோதித்தறிவது எப்படி?

நியூ ஜெர்சியில் 1980-களுக்கு முன் கட்டப்பட்ட வீட்டை விற்க முடிவு செய்தவர்கள், சமையலறைக்குப் பெயிண்ட் அடிக்கவும் புல்தரையைச் சீர்படுத்தவும் ஆள் தேடுவதற்கு முன்பே, அந்த மனையில் வீட்டைச் சூடேற்றும் எண்ணெயான ஹீட்டிங் ஆயிலுக்குரிய தொட்டி இப்போது இருக்கிறதா, முன்பு எப்போதாவது இருந்ததா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் இயற்கை எரிவாயு ஃபர்னஸ் ஓடுவதால் இது தங்களுக்குப் பொருந்தாது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால், சிக்கல் பெரும்பாலும் அத்தகைய வீடுகளில்தான் ஒளிந்திருக்கிறது. எடிசன், ஐசலின், பிஸ்காட்டவே பகுதிகளில் நம்மவர்கள் வாங்கிக் குடியேறிய பழைய கேப், ராஞ்ச் வகைச் சிறு வீடுகளில், கட்டப்பட்ட காலத்தில் எண்ணெயால் சூடேற்றப்பட்டவையும் உண்டு. பின்னாளில் தெருவுக்கு எரிவாயுக் குழாய் வந்தபோது பர்னரை மாற்றினார்கள். நம் ஊரில் வாசலில் தண்ணீர்ச் சம்ப் அமைப்பது போல மண்ணுக்குள் புதைத்திருந்த எஃகுத் தொட்டியை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். வீடு இரண்டு மூன்று கை மாறிய பிறகு, அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாமல் போய்விடுகிறது.

வாங்குபவரின் வழக்கறிஞர் மட்டும் அதை மறப்பதில்லை. நியூ ஜெர்சியில் ஒப்பந்தம் கையெழுத்தானபின் வழக்கறிஞர்கள் அதைப் பார்வையிட மூன்று வேலை நாட்கள் உண்டு. பழைய வீடு என்றால் அந்தக் கட்டத்திலோ அதை அடுத்து வரும் இன்ஸ்பெக்‌ஷனிலோ தொட்டி பற்றிய பேச்சு எழாமல் இருப்பது அரிது. அதற்குக் காரணம் சட்டம். வீட்டின் சொந்தப் பயன்பாட்டுக்கான ஹீட்டிங் ஆயில் தொட்டிகளை, நிலத்தடித் தொட்டிகளுக்கான மத்திய அரசின் விதிகள் விலக்கி வைத்திருக்கின்றன. ஆகவே பொறுப்பு முழுவதும் மாநிலத்தின் கையிலும் நகராட்சியின் கையிலும் வந்து நிற்கிறது. மாநிலத்தின் 1977-ஆம் ஆண்டு ‘ஸ்பில் ஆக்ட்’ எனப்படும் கசிவுச் சட்டம், யார் மேல் தவறு என்று ஆராய்ந்துகொண்டிருப்பதில்லை. கசியும் தொட்டியின் உரிமையாளர், தொட்டியைப் புதைத்தவர் அவரல்லாமல் இருந்தாலும், துப்புரவுக்குப் பதில் சொல்ல வேண்டும். வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் மாசு தொடர்பான செலவுக்கு விலக்கு எழுதப்பட்டிருப்பதே பெரும்பாலும் வழக்கம். மண்ணில் எண்ணெய் இருப்பது தெரிந்தால் வாங்குபவருக்குக் கடன் தரும் வங்கியும் பின்வாங்கும்.

எனவே இந்தச் சோதனையை வீட்டை விற்பனைப் பட்டியலில் ஏற்றுவதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது. வீடு கைமாற வழக்கமாக இரண்டு மாதம் போதும்; கசிந்த மண்ணைத் தூய்மைப்படுத்தி அரசின் கடிதத்தைப் பெற அதைவிடக் கூடுதல் காலம் பிடிக்கலாம். குளோசிங், அதாவது வீட்டைக் கைமாற்றி முடிக்கும் தேதி குறித்தபின் தொட்டி கண்டுபிடிக்கப்பட்டால், ஒப்பந்ததாரர் சொல்லும் விலைக்கும் வாங்குபவர் கேட்கும் தள்ளுபடிக்கும் தலையாட்டுவதைத் தவிர விற்பவருக்கு வேறு வழி இருக்காது.

முதலில் காகிதங்கள்

மண்ணைத் தோண்டும் முன் கோப்புகளைத் தோண்ட வேண்டும். நீங்கள் வீட்டை வாங்கியபோது கிடைத்த கோப்பில் இன்ஸ்பெக்‌ஷன் அறிக்கை, முந்தைய உரிமையாளரின் அறிவிப்புகள், தொட்டி அகற்றியதற்கான ரசீது முதலியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்ததாக, உங்கள் டவுன்ஷிப் கிளார்க்கிடம் ‘ஓப்ரா’ எனப்படும் பொதுப் பதிவேடுகள் சட்டத்தின் கீழ், உங்கள் முகவரியையும் மனையைக் குறிக்கும் பிளாக், லாட் எண்களையும் குறிப்பிட்டு, தொட்டி தொடர்பான பெர்மிட்டுகள் அனைத்தையும் கேட்டு விண்ணப்பியுங்கள். பொதுவாக ஏழு வேலை நாட்களுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும்.

வந்த காகிதங்களை நிதானமாகப் படிக்க வேண்டும். பெர்மிட் வாங்கியதற்கு ஆதாரம் இருந்தால் மட்டும் போதாது. வேலை முடிந்து நகராட்சி ஆய்வாளர் ஒப்புதல் கொடுத்து அந்தப் பெர்மிட் மூடப்பட்டிருக்க வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் எடுத்த பெர்மிட் இன்னும் திறந்தே கிடப்பதும் உண்டு. அதை விற்பனைக்கு முன் முடித்து வைப்பது உங்கள் வேலையாகிவிடும். மண் பரிசோதனை அறிக்கை இருந்தால் அது பொன் போன்றது. கசிவு நேர்ந்து தூய்மைப்படுத்திய இடமானால், மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை வழங்கும் ‘மேல் நடவடிக்கை தேவையில்லை’ என்ற கடிதம் இருக்க வேண்டும். என்எஃப்ஏ லெட்டர் என்று ஏஜெண்டுகள் குறிப்பிடுவது இதைத்தான்.

தொட்டியை வெளியே எடுக்காமல், உள்ளே கழுவி மணலோ நுரையோ சிமெண்டுக் கலவையோ நிரப்பி அங்கேயே விட்டுவிட்டதாகக் காகிதம் சொல்கிறதா? அந்தக் காலத்தில் அது ஒப்புக்கொள்ளப்பட்ட முறைதான். ஆனால், தொட்டிக்கு அடியில் மண் மாதிரி எடுத்ததற்கான அறிக்கை அதனுடன் இல்லையென்றால், இன்று வாங்குபவர்கள் அதை ஏற்கத் தயங்குவார்கள். மணலை நிரப்பும் முன்பே தொட்டி கசிந்திருந்தால், அந்த எண்ணெய் இப்போதும் மண்ணில்தான் இருக்கும்.

வீட்டைச் சுற்றி ஒரு பார்வை

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். பகல் வெளிச்சமும் ஒரு டார்ச்சும் போதும். வெளிச்சுவரை ஒட்டியும், செடிகளின் மறைவிலும், நடைபாதை ஓரத்திலும் இரும்புக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். எண்ணெய் ஊற்றும் குழாய் வழக்கமாக இரண்டு அங்குல அளவில், மேலே திருகுமூடியுடன் இருக்கும். காற்று வெளியேறும் குழாய் அதைவிடச் சற்றுச் சிறியதாக, முனையில் காளான் குடை போன்ற மூடியுடனோ, கீழ்நோக்கி வளைந்தோ காணப்படும். சில இடங்களில் ஊற்றுக்குழாயின் வாய் புல்லுக்குள் தரைமட்டத்திலேயே புதைந்து கிடக்கும். காலால் தட்டினால்தான் தெரியும்.

பிறகு பேஸ்மெண்டுக்குள் செல்லுங்கள். ஃபர்னஸ் அல்லது பாய்லர் நிற்கும் இடத்திலிருந்து தொடங்கி, அருகிலுள்ள சுவரின் அடிப்பகுதியையும் தரையையும் விடாமல் பாருங்கள். சுவரிலிருந்தோ சிமெண்டுத் தரையிலிருந்தோ விரல் கனம்கூட இல்லாத செம்புக் குழாய்கள் இரண்டு எட்டிப்பார்த்தால், அவற்றின் முனை குறடால் நசுக்கி மடிக்கப்பட்டிருந்தால், அங்கே ஒரு காலத்தில் எண்ணெய் பர்னர் இருந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஒன்று எண்ணெயைக் கொண்டுவந்த குழாய், மற்றொன்று மிச்சத்தைத் திருப்பி அனுப்பிய குழாய். இரண்டும் வெளிச்சுவரைத் துளைத்துக்கொண்டு மண்ணுக்குள் போகின்றன என்றால், மறுமுனையில் தொட்டி இன்னும் இருக்கக்கூடும். அதற்கு மாறாகப் பேஸ்மெண்டுத் தரையில் நீள்சதுரமாக நான்கு துருத் தடங்கள் தெரிந்தால், தரைமேல் நின்ற தொட்டி ஒன்று அகற்றப்பட்டிருக்கிறது என்று பொருள்.

இந்த இரண்டாவது நிலையில் ஓர் ஆபத்து உண்டு. தொட்டியை எடுத்தவர்கள் வெளிச்சுவரில் உள்ள ஊற்றுக்குழாயை எடுக்காமல் விட்டிருந்தால், முகவரி மாறி வந்த எண்ணெய் லாரிக்காரர் அதில் குழலைச் செருகி, நூற்றுக்கணக்கான காலன் எண்ணெயை நேரே பேஸ்மெண்டுக்குள் ஊற்றிவிடுவது சாத்தியம். அமெரிக்காவில் இப்படி உண்மையிலேயே நடந்திருக்கிறது. தொட்டி இல்லாத வீட்டில் ஊற்றுக்குழாயும் இருக்கக் கூடாது. அதை முழுவதுமாக எடுத்துவிட்டுச் சுவரை அடைப்பதே முறை.

கருவி கொண்டு தேடுதல்

கண்ணுக்கு எதுவும் தென்படாவிட்டாலும், காகிதங்கள் தெளிவாக இல்லையென்றால் ‘டேங்க் ஸ்வீப்’ செய்யும் நிறுவனத்தை அழைக்க வேண்டும். சில நூறு டாலர்களில் முடிகிற வேலை இது. அவர்கள் உலோகத்தை உணரும் கருவியுடன் மனையை நடந்து பார்ப்பார்கள்; சந்தேகமான இடத்தில், மண்ணுக்குள் அலைகளை அனுப்பி எதிரொலியைப் படிக்கும் தரை ஊடுருவு ரேடாரை ஓட்டுவார்கள். கம்பி வைத்துக் கட்டிய சிமெண்டுத் தளம், இரும்பு வேலி, நிறுத்தியிருக்கும் கார் ஆகியவற்றின் அருகில் உலோகக் கருவி குழம்பும். பின்னாளில் சேர்த்துக் கட்டிய அறையின் அடியில் தொட்டி சிக்கிக்கொண்டிருந்தால் அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். ஆகவே ‘ஒன்றும் இல்லை’ என்ற வாய்ச்சொல்லோடு திருப்தி அடையாமல், எந்தப் பகுதிகளைத் தேடினார்கள், எவற்றைத் தேட முடியவில்லை என்பதை வரைபடத்துடன் எழுதி வாங்குங்கள். ரேடார் இல்லாமல் உலோகக் கருவி மட்டும் கொண்டு வருபவர்களைக் காட்டிலும் இரண்டும் வைத்திருப்பவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

பேஸ்மெண்டில் நிற்கும் தொட்டி

தரைமேல் நிற்கும் தொட்டி ஒன்று இன்றும் பயன்பாட்டில் இருந்தால் அஞ்ச வேண்டியது குறைவு. ஆனால் அதையும் முறையாகப் பார்க்க வேண்டும். வீடுகளில் பரவலாகக் காணப்படுவது 275 காலன் தொட்டி, அதாவது சுமார் 1,040 லிட்டர் கொள்ளளவு. ஐந்தடி நீளத்தில், பக்கங்கள் தட்டையாகவும் மேலும் கீழும் வளைந்தும், நான்கு குழாய்க் கால்களின் மேல் நிற்கும். முழுக்க நிரம்பினால் எண்ணெயின் எடை மட்டுமே ஏறத்தாழ 900 கிலோ வரும் என்பதால், முதலில் பார்க்க வேண்டியது கால்களைத்தான். கால் தரையைத் தொடும் இடம் துருவேறி உதிர்கிறதா, தொட்டி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா, அடியிலுள்ள சிமெண்டு விரிசல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, ஒரு வெள்ளைத் துணியை எடுத்துத் தொட்டியின் அடிவயிற்றை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெல்லத் துடையுங்கள். துணியில் வெறும் தூசி ஒட்டினால் நல்லது. இளஞ்சிவப்பான ஈரமும் டீசல் வாடையும் வந்தால், அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துவிட்டு எண்ணெய் நிறுவனத்தின் டெக்னீஷியனை அழைக்க வேண்டும். ஹீட்டிங் ஆயிலுக்கு வரி விலக்கு உள்ளதால் அதில் சிவப்புச் சாயம் கலந்திருப்பார்கள். கசிவைக் கண்டுபிடிக்க அது நமக்கும் உதவுகிறது. அடி வால்வு, ஃபில்டர் உருளை, மேலே சிவப்பு மிதவை தெரியும் பிளாஸ்டிக் அளவுகாட்டி ஆகிய மூன்றும் கசிவு அதிகம் காணப்படும் மற்ற இடங்கள். இவற்றில் வரும் கசிவைச் சிறு செலவில் சரிசெய்யலாம். அடித்தகட்டில் வியர்வை போல எண்ணெய் அரும்பினால் தொட்டியையே மாற்ற வேண்டும். ஒட்டுப் போட்டு விற்க முயல்வது வீண்.

அடித்தகடு ஏன் முதலில் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் புரியும். தொட்டிக்குள் எண்ணெய் குறையும்போது வெளிக்காற்று உள்ளே வருகிறது. அதிலுள்ள ஈரம் குளிர்ந்த தகட்டில் படிந்து நீராகி, எண்ணெயைவிடக் கனமானதால் அடியில் போய்ச் சேர்கிறது. நீரும் எண்ணெயும் சந்திக்கும் எல்லையில் நுண்ணுயிர்கள் பெருகி, சகதியையும் அமிலத்தையும் உண்டாக்கி, எஃகை உள்ளிருந்து தின்கின்றன. வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்க, உள்ளே தகடு காகிதமாய் மெலிந்திருக்கும். இதை அறிய இரண்டு வழிகள் உண்டு. நீர் பட்டால் நிறம் மாறும் பசையை அளவுகோலின் நுனியில் தடவி மேல் துளை வழியாக அடி வரை இறக்கி எடுத்தால், நீர் எத்தனை அங்குலம் தேங்கியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். தகட்டின் கனத்தை அறிய, வெளியிலிருந்தே மீயொலிக் கருவியால் அளக்கும் சோதனையைச் சில எண்ணெய் நிறுவனங்கள் செய்து தருகின்றன. விற்பனைக்காகத் தொட்டிக்குப் புதிதாகப் பெயிண்ட் அடிக்க வேண்டாம். புதுப் பெயிண்டைப் பார்த்தவுடனேயே, எதை மறைத்திருக்கிறார்கள் என்று இன்ஸ்பெக்டர் தேட ஆரம்பித்துவிடுவார்.

தொட்டியிலிருந்து பர்னருக்குச் செல்லும் செம்புக் குழாயைப் பலர் பார்ப்பதே இல்லை. அது சிமெண்டுத் தரைக்குள் நேரடியாகப் புதைக்கப்பட்டிருந்தால், சிமெண்டு பட்டுச் செம்பு அரித்து, வெளியே தெரியாமல் எண்ணெய் அடிமண்ணில் இறங்கலாம். பிளாஸ்டிக் உறை பூண்ட புதிய குழாயைத் தரைக்கு மேலே போட்டுவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது.

புதைந்திருக்கும் தொட்டி

மனையில் நிலத்தடித் தொட்டி இருப்பது உறுதியானால், அதைச் சோதித்துப் பார்த்துவிட்டு அப்படியே விற்கலாமா, அல்லது எடுத்துவிடலாமா என்ற கேள்வி வரும். காற்றழுத்தம் கொடுத்தோ வெற்றிடம் உண்டாக்கியோ தொட்டியின் இறுக்கத்தைச் சோதிக்கும் முறைகள் உள்ளன. அவற்றில் தேறுவதால் பெரிய நம்பிக்கை பிறப்பதற்கில்லை: நேற்று வரை கசிந்த துளையைச் சகதியோ களிமண்ணோ இன்று அடைத்திருக்கலாம், மெலிந்த தகட்டில் காற்றழுத்தத்தைச் செலுத்தினால் இல்லாத துளை உண்டாகவும் செய்யலாம். தொட்டியைச் சுற்றித் துளையிட்டு மண் மாதிரி எடுப்பது அதைவிட நம்பகமானது. இருந்தாலும் என் பரிந்துரை எடுத்துவிடுவதுதான். பூமிக்குள் பல ஆண்டுகள் கிடந்த எஃகுத் தொட்டியைத் தன் பொறுப்பில் ஏற்கும் வாங்குபவர் அநேகமாகக் கிடைக்கமாட்டார். கிடைத்தாலும் விலையில் பிடித்துக்கொள்வார்.

அகற்றும் நிறுவனம் மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் சான்றிதழ் பெற்றதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். டவுன்ஷிப் கட்டுமான அலுவலகத்தில் பெர்மிட் எடுக்க வேண்டும். தோண்டுவதற்குக் குறைந்தது மூன்று வேலை நாட்களுக்கு முன் 811-க்கு அழைத்து எரிவாயு, மின், தண்ணீர்க் குழாய்களைக் குறிக்கச் செய்ய வேண்டும். இவற்றை நிறுவனமே செய்யும் என்றாலும், பெர்மிட் எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அகற்றும் நாளில் மேல்மண்ணை விலக்கி, தொட்டியின் மேற்புறத்தை வெட்டித் திறந்து, எஞ்சிய எண்ணெயையும் சகதியையும் உறிஞ்சி, ஓர் ஆள் உள்ளே இறங்கித் துடைத்தெடுத்த பிறகுதான் தொட்டியைத் தூக்குவார்கள். நகராட்சி ஆய்வாளர் வந்து பார்க்கும் வரை குழியை மூடக் கூடாது.

தொட்டி மேலே வரும்போது நீங்கள் அங்கே இருப்பது நல்லது. ஒட்டியிருக்கும் களிமண்ணைச் சுரண்டச் சொல்லி, அடிப்புறத்தையும் இரு முனைகளையும் பாருங்கள். துளைகள் பென்சில் முனை அளவில்தான் இருக்கும். துரு உதிர்ந்த பின்பே கண்ணில் படும். குழியின் அடியில் மண் சாம்பல் நிறமாக மாறி எண்ணெய் வாடை வீசுகிறதா, தேங்கிய நீரின் மேல் வானவில் படலம் மிதக்கிறதா என்பதையும் பாருங்கள். தேதி தெரியும்படி படங்கள் எடுங்கள். எல்லாம் சுத்தமாகத் தோன்றினாலும், குழியின் அடியிலிருந்து மண் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். துளையில்லாத தொட்டிக்கு எதற்கு இந்தச் செலவு என்று ஒப்பந்ததாரரே கேட்கக்கூடும். அந்தச் சிறு செலவில் கிடைக்கும் அறிக்கைதான், நாளை வாங்குபவரின் வழக்கறிஞர் தொடுக்கும் கேள்விகளுக்கு ஒரே வரியில் பதிலாகும்.

கசிவு தெரிந்துவிட்டால்

கசிவு தெரிந்தபின் அதைத் தெரியாததாக நடிக்க முடியாது. மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் 1-877-927-6337 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அவர்கள் ஒரு கேஸ் எண் தருவார்கள். கசிவு பற்றி அறிந்த பிறகு மௌனமாக மண்ணை மூடிவிடுமாறு யாராவது யோசனை சொன்னால், அந்த ஒப்பந்ததாரரை அத்துடன் நிறுத்திவிட்டு உங்கள் வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

செலவு ஏறுவதும் இங்கேதான். குழி திறந்து கிடக்கும் பதற்றத்தில், அங்கே நிற்கும் நிறுவனத்திடமே வரம்பில்லாமல் மண் எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிடுபவர்கள் உண்டு. கசிவைத் தெரிவித்து, குழியைப் பாதுகாப்பாக மூடி வேலியிட்டுவிட்டால், வேறு இரண்டு நிறுவனங்களிடம் மதிப்பீடு வாங்க நேரம் கிடைக்கும். மாசு எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம் பரவியிருக்கிறது என்பதை மண் மாதிரிகளால் வரையறுத்த பின்பு தோண்டுவதற்கும், வாடையைப் பின்தொடர்ந்து தோண்டிக்கொண்டே போவதற்கும் இடையே பல ஆயிரம் டாலர் வித்தியாசம் வரலாம். மண்ணை டன் கணக்கில் விலை சொல்வார்கள். ஒவ்வொரு லாரிக்கும் எடைச் சீட்டு கேளுங்கள். எண்ணெய் மண்ணோடு நின்றிருந்தால் வேலை விரைவில் முடியும்; நிலத்தடி நீரை எட்டியிருந்தால் கண்காணிப்புக் கிணறுகள், தொடர் பரிசோதனைகள் என்று நீளும். இந்தக் கட்டத்தில் பழைய காப்பீட்டுப் பத்திரங்களையும் வழக்கறிஞரிடம் காட்டுவது பயன் தரும், ஏனெனில் உங்கள் சொந்த மண்ணுக்கு இல்லாத பாதுகாப்பு, நிலத்தடி நீருக்கோ அண்டை மனைக்கோ நேர்ந்த பாதிப்புக்கு அவற்றில் இருக்கக்கூடும்.

துறையின் கடிதம் வருவதற்குள் குளோசிங் தேதி நெருங்கிவிட்டால், துப்புரவுச் செலவுக்கான தொகையை வழக்கறிஞரின் எஸ்க்ரோ எனப்படும் பொறுப்புக் கணக்கில் நிறுத்தி வைத்து வீட்டைக் கைமாற்றும் ஏற்பாடும் உண்டு. அதற்கு வாங்குபவர் மட்டுமல்லாமல், அவருக்குக் கடன் தரும் வங்கியும் சம்மதிக்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன்

2024 ஆகஸ்டு முதல் நியூ ஜெர்சியில் வீட்டை விற்பவர்கள் சொத்தின் நிலை பற்றிய அறிவிப்புப் படிவத்தை நிரப்பித் தர வேண்டும். நிலத்தடித் தொட்டி பற்றிய கேள்வி அதில் இருக்கிறது. தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதி, பெர்மிட், ஆய்வாளர் ஒப்புதல், மண் அறிக்கை, என்எஃப்ஏ கடிதம் ஆகியவற்றின் நகல்களை ஒரே கோப்பாக இணைத்துக் கொடுங்கள். ‘இருக்கும் நிலையிலேயே விற்பனை’ என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் தொட்டியைப் பற்றி வாய் திறக்க வேண்டியதில்லை என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். தெரிந்த குறையை மறைத்ததற்கு அந்த வாசகம் காப்பாகாது.

தொட்டி பயன்பாட்டில் உள்ள வீடாக இருந்தால் ஒரு சிறு கணக்கு மீதி இருக்கும். குளோசிங்குக்கு ஓரிரு நாள் முன்பு எண்ணெய் நிறுவனத்தை அழைத்து, தொட்டியில் எத்தனை காலன் மீதி இருக்கிறது என்று அளந்து, அன்றைய விலையுடன் சீட்டு எழுதி வாங்குங்கள். வாங்குபவர் அந்தத் தொகையைத் தருவதாக ஒப்பந்தத்தில் இருந்தால் குளோசிங் கணக்கில் உங்களுக்கு வரவு வைக்கப்படும். அதே அழைப்பில் உங்கள் பெயரில் உள்ள தானியங்கி விநியோகத்தையும் எழுத்துமூலம் ரத்து செய்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த குளிர்காலத்தில், விற்றுவிட்ட வீட்டுக்கு ஊற்றிய எண்ணெய்க்கு உங்கள் பெயரில் பில் வரும்.